சாலைக்கு மட்டும் விலக்கு: காவிரி டெல்டாவில் நெடுஞ்சாலை எதிர்ப்பின் நியாயங்கள்

2022ஆம் ஆண்டு சம்பா பருவத்தில், திருவையாறு புறவழிச்சாலைக்காகக் கண்டியூர் சுற்றுவட்டாரத்தில் பயிர் நின்ற வயல்களில் மண் கொட்டப்பட்டது. விவசாயிகள் வயலில் இறங்கி இயந்திரங்களை மறித்தார்கள். அறுவடை முடியும்வரையாவது பொறுங்கள் என்றார்கள் சிலர். சாலையை வேறு பாதையில் கொண்டுபோங்கள் என்றார்கள் வேறு சிலர். பணி தொடர்ந்தது. சில கிலோமீட்டர் நீளமே உள்ள அந்தச் சாலைக்கு எழுந்த எதிர்ப்பு, டெல்டா முழுவதற்குமான ஒரு கேள்வியை எழுப்பிவிட்டுப் போயிற்று. ஹைட்ரோகார்பன் கிணறுகளிலிருந்து காக்கத் தனிச் சட்டமே போடப்பட்ட மண் இது. அந்தச் சட்டம் இருக்கும்போதே, விளைந்துகொண்டிருக்கும் வயலில் சாலைக்காக எப்படி மண் விழுந்தது?

டெல்டாவுக்குச் சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையும் சொல்லப்போவதில்லை. இருபோகம் விளையும் நஞ்சையின் குறுக்கே மண்மேடாக எழும்பும் புதிய சாலையைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கிறது. பச்சைப் பசேல் என்ற காட்சி கெடுகிறது என்பது அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர்.

வயலுக்கு வயல் போகும் நீர்

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் பங்காகிறது. அதன்பின் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று கிளைத்துக்கொண்டே போய், ஏ, பி, சி, டி என்று அரசு தரம்பிரித்து வைத்திருக்கும் வாய்க்கால்களாகிறது. தூர்வாரும் காலம் வந்தால் குறைதீர்க் கூட்டங்களில் அதிகம் அடிபடுவது இந்த சி, டி வாய்க்கால்களின் பெயர்தான். ஊருக்குள் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பவை அவையே.

அந்த வாய்க்காலும் எல்லா வயலையும் தொடுவதில்லை. வாய்க்காலை ஒட்டிய முதல் வயல் நிறைந்து, வரப்பில் வெட்டிய மடை வழியாக அடுத்த வயலுக்கு நீர் இறங்கும். அங்கிருந்து அதற்கடுத்தது. கடைசி வயலின் உபரி வடிகாலில் விழும். அந்த வடிகால் கீழே இன்னொரு ஊருக்குப் பாசன வாய்க்காலாகும். இந்த வரிசையின் நடுவே ஒரு சாலை விழுந்தால் மேலே இருப்பவருக்குத் தண்ணீர் வடியாது; கீழே இருப்பவருக்குத் தண்ணீர் வராது. நிலம் கொடுத்தவர்கள் பட்டியலில் இந்த இருவர் பெயரும் இருக்காது. அவர்கள் நிலத்தில் ஒரு சென்ட்கூட எடுக்கப்படவில்லை அல்லவா?

டெல்டாவின் சரிவு மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சரிவு அது. வடக்கு தெற்காக ஓடும் எந்தச் சாலையும் அந்தச் சரிவுக்குக் குறுக்கே படுக்கிறது. வெள்ளத்தில் மூழ்காமலிருக்க அதைச் சுற்று நிலத்தைவிட உயர்த்தித்தான் போட வேண்டும். கல்லோ கிராவலோ இல்லாத வண்டல் பூமியில் அந்த மேட்டுக்கான மண்ணையும் வெளியிலிருந்துதான் லாரியில் கொண்டுவர வேண்டும். கட்டி முடித்த பிறகு அது, நீரியல் கணக்கில், பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தாழ்வான அணை.

சிறுபாலம் வைக்கிறோம், குழாய் பதிக்கிறோம் என்பது பொறியாளர்களின் பதில். குழாயின் எண்ணிக்கை திட்ட வரைபடத்தில் இருக்கும். விவசாயி கேட்பது அதன் அடிமட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று. குழாயின் அடி, வயலின் தரையைவிட அரை அடி உயர்ந்துவிட்டால் அந்த அரை அடித் தண்ணீர் வயலிலேயே நின்றுவிடும். நட்டு இரண்டு வாரமான சம்பா நாற்று ஒரு முழ உயரம்கூட இருக்காது. அது தலை முங்கி ஒரு வாரம் கிடந்தால் அழுகிப்போகும். போதாக்குறைக்கு ஆகாயத்தாமரை வந்து குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். திறந்த வாய்க்காலில் ஆட்கள் இறங்கி அதை இழுத்துப்போட முடியும். நாற்கரச் சாலைக்கு அடியில் கிடக்கும் குழாய்க்குள் யார் இறங்குவது? பராமரிக்க வேண்டியது நெடுஞ்சாலைத் துறையா, நீர்வளத் துறையா என்ற கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் பருவம் போய்விடும்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கடைமடைப் பகுதியைக் காப்பாற்றுவது நீர் கடலை நோக்கித் தடையில்லாமல் ஓடுவது ஒன்றுதான். பருவமழை முரட்டுத்தனமாகிவரும் காலத்தில் டெல்டாவில் எழுப்பும் ஒவ்வொரு குறுக்கு மேட்டையும் அந்த மழைக்கு வைத்துத்தான் அளக்க வேண்டும்.

மூன்று சாலைகள்

டெல்டாவை இன்று மாற்றிக்கொண்டிருப்பவை முக்கியமாக மூன்று பணிகள். முதலாவது, விக்கிரவாண்டி – கும்பகோணம் – தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை 36. சுமார் 165 கிலோமீட்டர் நீளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து நான்கு வழியாக்கும் வேலை இது. இதில் சேத்தியாத்தோப்பு – சோழபுரம் இடையிலான 50 கிலோமீட்டர், 2,350 கோடி ரூபாய்க்கும் அதிகமான செலவில் முடிந்து, 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளப் பாலமும் மூன்று புறவழிச்சாலைகளும் அதில் அடக்கம். இதே பாதையில் மானம்பாடியில் உள்ள சோழர் காலத்து நாகநாதசுவாமி கோயிலைச் சாலை விரிவாக்கம் தொடும் என்ற நிலை வந்தபோது ஊர் மக்களும் தொன்மை ஆர்வலர்களும் குரல் கொடுத்தார்கள். கோயிலுக்குக் கல்வெட்டு சாட்சி சொல்லும். அதே அளவு பழமையான வாய்க்காலுக்குச் சாட்சி சொல்லப் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை.

இரண்டாவது, விழுப்புரம் – புதுச்சேரி – கடலூர் – நாகப்பட்டினம் சாலை. பழைய எண் 45ஏ. சீர்காழிக்குத் தெற்கே இது கடலோரக் கடைமடையை வடக்கு தெற்காக வெட்டிக்கொண்டு போகிறது. மேலே சொன்ன சரிவுச் சிக்கல் முழுதாகப் பொருந்துவது இங்கேதான்.

மூன்றாவது, கட்டுரையின் தொடக்கத்தில் வந்த திருவையாறு. நீளத்தில் மிகச் சிறியது. இடத்தால் மிக முக்கியமானது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சில மைல் தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். டெல்டாவின் தலைமடைப் பகுதி இது. நெல்லும் வாழையும் தென்னையும் ஆற்றங்கரை மரங்களும் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் நிலப்பரப்பு தமிழ்நாட்டில் அதிகமில்லை.

சாலை கேட்பவர்களின் நியாயம்

எதிர்ப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். திருவையாற்றின் தேரோடும் வீதிகளில் அரியலூர்ப் பக்கத்துக் கனரக லாரிகள் நுழைந்தால் என்னவாகும் என்பது அவ்வூர்க்காரர்களுக்குத் தெரியும். கும்பகோணத்தில் முகூர்த்த நாளில் ஆம்புலன்ஸ் நகர முடியாது. பழைய சாலைகளின் வளைவுகளில் விபத்துகள் நடக்கின்றன. விவசாயிக்கும் சாலை தேவை. அறுவடை எந்திரம் வயலுக்கு வருவதும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மழைக்கு நனைந்து கிடக்கும் மூட்டைகள் கிடங்குக்குப் போவதும் சாலை வழியாகத்தான்.

மாறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. பிழைக்கும் வழியாகக் கேட்கப்படுவது ஊர்ச்சாலைகளும் பாலங்களும் நெரிசல் நீக்கமும். தரப்படுவது, பெரும்பாலும், தொலைதூர வாகனங்களின் நேரத்தைக் குறைக்கும் நேர்கோட்டுப் பாதை. சென்னை போய்ச்சேரும் நேரம் முக்கால் மணி குறைவது உண்மையான ஆதாயமே. அந்த ஆதாயம் ஒரு பக்கத்துக்கும் அதன் நஷ்டம் வேறொரு பக்கத்துக்கும் போகிறது. இதை எந்தத் திட்ட அறிக்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டுவதில்லை.

நிலக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 60 மீட்டர் அகலத்தில் புதிய புறவழிச்சாலை 10 கிலோமீட்டர் போனால் 60 ஹெக்டேர். ஏறக்குறைய 148 ஏக்கர். தஞ்சாவூர்க் கணக்கில் 22 வேலி. இது சாலைக்குள் போகும் நிலம் மட்டும். சாலை மூலைவிட்டமாக வெட்டியதால் டிராக்டர் திரும்ப இடமின்றி மிஞ்சும் முக்கோணத் துண்டுகள் இதில் சேராது.

சட்டத்தில் உள்ள வாசல்கள்

விவசாய நிலத்தைக் காக்கும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. சாலை என்று வந்தால் அவை ஒவ்வொன்றிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 10ஆவது பிரிவு, பாசன வசதியுள்ள பலபோக நிலத்தை வேறு வழியே இல்லாதபோது மட்டும், கடைசி வழியாகவே எடுக்கலாம் என்கிறது. டெல்டாவுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. அதே பிரிவு, ரயில்பாதை, நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, பாசனக் கால்வாய், மின்கம்பிப் பாதை போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு இது பொருந்தாது என்றும் சொல்லி முடிகிறது.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தின்போது 2013 டிசம்பரில் உயிர்நீத்த இயற்கை வேளாண் செயல்பாட்டாளர் நம்மாழ்வார் தொடங்கி, 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக நெடுவாசலும் கதிராமங்கலமும் நடத்திய போராட்டங்கள் வரை அதற்குப் பின்னால் இருக்கின்றன. தஞ்சாவூர், திருவாரூர், அப்போது மயிலாடுதுறையையும் உள்ளடக்கிய நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதில் வருகின்றன. எண்ணெய், எரிவாயு துரப்பணம், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை முதலியவற்றுக்குப் புதிதாக அனுமதி கிடையாது. துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை, மின்சாரம், குடிநீர் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளைச் சட்டம் தொடவில்லை.

2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், ஈரநிலம் என்பதன் வரையறையிலிருந்து நெல்வயலை வெளிப்படையாகவே நீக்கிவிட்டன. இந்தியா 1982 முதல் உறுப்பினராக இருக்கும் ராம்சர் உடன்படிக்கையின் நாடுகளோ, 2008இல் தென்கொரியாவின் சாங்வோனில் கூடி, நெல்வயலை ஈரநில அமைப்பாகவே கருதி அதன் உயிர்வளத்தைப் பேண வேண்டும் என்று தீர்மானித்திருந்தன.

நான்காவது, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 2013இல் செய்த திருத்தத்தின்படி, இருக்கும் தேசிய நெடுஞ்சாலையை விரிவாக்கும் திட்டம் 100 கிலோமீட்டரைத் தாண்டி, கூடுதலாக எடுக்கும் நிலம் பழைய பாதையில் 40 மீட்டரும் புதிய தடத்தில் 60 மீட்டரும் தாண்டினால்தான் முன் அனுமதி தேவை. அதற்கு முன்பு இந்த வரம்பு 30 கிலோமீட்டராக இருந்தது.

நான்கையும் சேர்த்து வாசித்தால், டெல்டா விவசாயி சாலையை எதிர்த்துச் சட்டப்படி ஊன்றி நிற்க இடம் மிகக் குறைவு என்பது புரியும். அவருக்கு மிஞ்சுவது 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் தரும் 21 நாள் ஆட்சேபக் காலம். அதற்குள் தடம் முடிவாகிவிட்டிருக்கும். அவர் ஆட்சேபத்தைக் கேட்டு முடிவெடுப்பவரும் நிலத்தை எடுக்கும் அதிகாரியே.

நீதிமன்றத்தில் கிடைத்ததும் கிடைக்காததும்

சாலை எதிர்ப்பு வழக்குகளில் தமிழ்நாடு அதிகம் பேசியது சென்னை – சேலம் எட்டுவழிச் சாலையைத்தான். 277.3 கிலோமீட்டர் நீளம். மலையடிவாரங்களும் தோப்புகளும் வயல்களும் வழியில். நிலம் எடுக்கும் அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8ஆம் தேதி ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அறிவிக்கை வெளியிடுவதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற்றாக வேண்டும் என்ற வாதத்தை ஏற்கவில்லை. பணி தொடங்கும் முன் பெற்றால் போதும் என்றது. நிலம் எடுத்தான பிறகு வரும் அனுமதி எந்தத் தடத்தை மாற்றிவிடும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

டெல்டாவுக்கு நேரடியாகப் பொருந்துவது 45ஏ வழக்கு. விழுப்புரம் – நாகப்பட்டினம் சாலையின் மொத்த நீளம் 179.555 கிலோமீட்டர். பணி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது: 29, 38, 56.8, 55.755. ஒன்றுகூட நூறைத் தொடவில்லை. சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. எடுக்கும் நிலத்தின் அகலம் 40, 60 மீட்டர் வரம்பைத் தாண்டாதபோது அனுமதி தேவையில்லை என்பது அதன் முடிவு. ஆனால், ஒரே நெடுஞ்சாலையை இப்படித் துண்டு போடுவது ஏற்கத்தக்கதா என்று ஆராய வல்லுநர் குழு அமைக்கும்படியும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தை அது பணித்தது. பணத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் சாலையைத் துண்டு போடுவது புரிந்துகொள்ளக் கூடியது. வெள்ள நீர் துண்டு துண்டாக வருவதில்லையே.

வெளியூர்ப் பாடங்கள்

நமக்கு மிக நெருக்கமான முன்னுதாரணம் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துக் கீழாற்றூர். தளிப்பறம்புப் புறவழிச்சாலை தங்கள் நெல்வயல் வழியாகப் போவதை எதிர்த்து 2017இல் அங்கே மக்கள் ‘வயல்கிளிகள்’ என்ற பெயரில் திரண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆளும் இடதுசாரிக் கட்சியின் அனுதாபிகள். நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்க 2008லேயே சட்டம் போட்ட மாநிலம் அது. அங்கேயும் பொதுநோக்கம் என்ற பெயரில் சாலையே வென்றது.

கதை அதோடு முடியவில்லை. அந்தப் புறவழிச்சாலை இடம்பெறும் அதே தேசிய நெடுஞ்சாலை 66இல், மலப்புறம் மாவட்டக் கூரியாட்டில், வயலின் மேல் எழுப்பிய உயர்ந்த மண்மேடு 2025 மே 19ஆம் தேதி சரிந்து விழுந்தது. அதன்பின் அந்த இடத்தில் தூண்கள்மேல் பாலச்சாலை அமைக்க முடிவானது. செலவு அதிகம் என்று முதலில் ஒதுக்கப்படும் யோசனை, மேடு இடிந்த பிறகு தவிர்க்க முடியாததாகிறது. நீர் நிறைந்த களிமண் மேல் மலையளவு பாரம் ஏற்றுவது வயலுக்கு மட்டுமின்றிச் சாலைக்கும் கேடு என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் லூசியானாவில் அட்சஃபலாயா சதுப்பு நிலத்தைக் கடக்கும் சாலை 1973 முதல் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தூரம் தூண்கள்மேல்தான் ஓடுகிறது.

சட்டத்தை எந்த முனையிலிருந்து எழுதுவது என்பதற்கும் அங்கே ஒரு பாடம் உண்டு. மெம்ஃபிஸ் நகரின் ஓவர்டன் பூங்கா வழியாக நெடுஞ்சாலை போடும் திட்டத்தைக் குடிமக்கள் எதிர்த்தார்கள். பொதுப் பூங்காவைத் தொடாமல் சாலை போட ஏற்கத்தக்க மாற்று இருந்தால் பூங்காவைத் தொடக் கூடாது என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியைக் கறாராகப் பொருள்கொண்டது. கடைசியில் பூங்காவுக்குள் அந்தச் சாலை வரவேயில்லை. அங்கே மாற்று இல்லை என்று காட்டும் பொறுப்பு சாலைக்காரரிடம் இருந்தது. இங்கே மாற்று இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு வயல்காரரிடம் இருக்கிறது.

இழப்பீட்டுப் பட்டியலில் வராதவர்கள்

டெல்டாவில் பட்டா வைத்திருப்பவரும் ஏர் பிடிப்பவரும் பல இடங்களில் ஒரே ஆளாக இருப்பதில்லை. கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் குடியேறிய மிராசுதார் நிலம் என்று கணிசமான பரப்பு குத்தகையில் இருக்கிறது. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தும், வாய்மொழிக் குத்தகை தொடர்கிறது. பதிவேட்டில் பெயரில்லாதவர் இழப்பீடு கேட்டு எந்த மேசைமுன் நிற்பார்? நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்கு அந்த மேசையே கிடையாது. நிலச் சொந்தக்காரர் நல்ல விலை கிடைத்தால் போதும் என்று நினைப்பதும், கூலித் தொழிலாளி சாலையை எதிர்ப்பதும் ஒரே ஊரில் நடக்கிறது. இந்த வேறுபாட்டைப் பேசாத இயக்கம் விலைபேசும் கட்டத்தில் உடைந்துபோகும்.

காட்சி என்பதையும் பட்டியலில் எழுத வழியில்லை. சித்திரையில் நடக்கும் திருவையாற்று ஏழூர்த் திருவிழாவில் ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராகப் போய்த் திரும்புகிறது. ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு பல்லக்கு சேர்ந்துகொள்ளும். மேட்டூர் அணை மூடிய காலம். ஆறுகள் மணலாகக் கிடக்கும். வயலும் ஆற்றுப்படுகையும் தெருவும் தொடர்ச்சியாக இருப்பதால்தான் ஏழு கோயில்கள் ஒரே விழாவாக இணைய முடிகிறது. கண்டியூர் வயலைத் தனி நிலமாகப் பார்த்தால் ஏக்கருக்கு இவ்வளவு என்று விலை வைக்கலாம். ஏழூர்ச் சுற்றின் ஒரு பகுதியாகப் பார்த்தால் அதை எந்த வழிகாட்டி மதிப்பில் தேடுவது?

கேட்க வேண்டியவை

எதிர்ப்பு இதுவரை பொக்லைன் வயலில் இறங்கிய பிறகே வலுப்பெற்றிருக்கிறது. அந்தக் கட்டத்தில் கூடுதல் இழப்பீடு தவிர வேறெதையும் வெல்வது கடினம். கோரிக்கையை முன்னால் நகர்த்த வேண்டும்.

வேளாண் மண்டலச் சட்டத்தைச் செயல்படுத்த முதலமைச்சர் தலைமையில் ஓர் அதிகார அமைப்பு இருக்கிறது. டெல்டாவுக்குள் புதிய தடத்தில் வரும் எந்தச் சாலையும் அந்த அமைப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவருவது மாநில அரசின் கைக்கு எட்டும் காரியம். மாநில நெடுஞ்சாலைத் துறையின் சொந்தத் திட்டங்களுக்கு அதை நாளையே நடைமுறைப்படுத்தலாம்.

இரண்டாவது, தடத்தை முடிவு செய்யும் முன் நீர் வரைபடம். சி, டி வாய்க்கால்கள், வடிகால்கள், வயலுக்கு வயல் பாயும் மடைகள்வரை ஊர்ப் பாசனக்காரர்களை வைத்துக் குறித்து, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு குழாயின் அடிமட்டமும் அதில் தெரிய வேண்டும். தாழ்ந்த பகுதிகளில் மண்மேட்டுக்குப் பதில் தூண்பாலம்.

மூன்றாவது, பருவம். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பது டெல்டாவின் நாள்காட்டி. சம்பா, தாளடி அறுவடை முடிந்து அடுத்த திறப்பு வரை சில மாதங்கள் பெரும்பாலான வயல்களில் நெல் நிற்காது. பயிர் நிற்கும்போது மண் கொட்டுவதற்கு எந்தப் பொறியியல் காரணமும் இல்லை. ஒப்பந்தக் கெடு மட்டுமே காரணம்.

நான்காவது, சாலை அல்லாத மாற்றுகள். தஞ்சாவூர் – கும்பகோணம் – மயிலாடுதுறை – விழுப்புரம் ரயில்தடம் இன்னும் ஒற்றை வழியாகவே கிடக்கிறது. அதை இரட்டிப்பாக்கும் நீண்ட காலக் கோரிக்கை நிறைவேறினால் நெல் மூட்டையும் பயணிகளும் பெருமளவு தண்டவாளத்துக்கு மாறலாம். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்த பகுதி இது. அந்த ரயில்பாதையின் கரைகளோடு வாழ டெல்டா பழகியும்விட்டது.

இந்த நான்கையும் நிறைவேற்றிய பிறகும் ஒரு சாலை தேவை என்று தெரிந்தால், அந்தச் சாலையை டெல்டா ஏற்கும். எதையும் செய்யாமல் வரும் சாலையை எதிர்ப்பது வளர்ச்சிக்கு எதிரானது அல்ல. பாசனப் பொறியியல் தெரிந்த ஒரு சமூகம், அந்தப் பொறியியலைச் சாலைத் துறையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறது. கேட்பதற்கு அதற்கு உரிமை உண்டு. பதில் சொல்ல வேண்டியது வயலில் மண் கொட்டுபவர்.